மலைக்காரர் கட்சியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பழைய கிரேக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பார்த்தினன் கோயில் படம், சாக்ரட்டீஸ் படம், மக்களாட்சி பிறந்த மண் என்று ஒரு தலைப்பு, கீழே மாரத்தான், தெர்மோபிலே, சலாமிஸ் என்று மூன்று போர்கள், ஒலிம்பிக் தொடங்கிய ஆண்டு, அவ்வளவுதான். எழுதியிருந்ததில் தவறு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அந்த மண் எப்படிப்பட்ட மண், அதில் யார் உழுதார்கள், யார் கடன்பட்டார்கள், யார் யாரோடு எதற்காக மோதினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்குப் பெரிய வருத்தம் என்னவென்றால், ஏதென்ஸ் அரசியலில் மலைக்காரர்களுக்கென்று ஒரு தனிக் கட்சியே இருந்தது, அந்தக் கட்சியின் தலைவர் ஆட்சியையும் பிடித்தார், அது ஒரு மூலையில்கூட இடம்பெறவில்லை. நான் ஏற்காட்டில் மாலை வேளைகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லித் தருகிறேன். காபித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், நாலு மிளகுக்கொடியும் கொஞ்சம் கேழ்வரகும் வைத்துப் பிழைக்கிறவர்களின் பிள்ளைகள் என்று இவர்களுக்குத்தான் அந்தக் கதை முதலில் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள், மலைக்காரர் பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலில் ஒரு வரைபடம் போட்டிருக்க வேண்டும், அதுவும் மேடு பள்ளம் தெரிகிற வரைபடம். இன்றைய கிரேக்க நாட்டில் ஏறக்குறைய 80 விழுக்காடு மலைதான். வடக்கே ஒலிம்பஸ் 2,900 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. மலைகளுக்கு நடுவே அங்கங்கே சின்னச் சின்னச் சமவெளி, பக்கத்திலேயே கடல், கடலில் எட்டிப் பார்த்தால் அடுத்த தீவு. ஏதென்ஸ் நகரம் இருக்கும் சமவெளிக்குக் கிழக்கே ஹைமெட்டஸ், வடகிழக்கே பென்டெலிக்கஸ், வடக்கே பார்னஸ், மேற்கே ஐகாலியஸ் என்று மலைகள் சூழ்ந்திருக்க, தென்மேற்கு மட்டும் கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. ஏற்காட்டின் லேடீஸ் சீட் முனையில் நின்று கீழே பார்த்த எந்தச் சேலத்துப் பிள்ளைக்கும் இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை. நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை, அப்புறம் நம் சேர்வராயன் என்று நாலு பக்கமும் மலை எழுந்து நிற்க நடுவில் சேலம் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். உயரத்தில்கூட நம் மலை குறைந்ததில்லை. ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா என்ற பகுதியின் பெரிய மலையான பார்னஸ் 1,413 மீட்டர், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கு மேல்.

வித்தியாசம் மழையிலும் கடலிலும் இருக்கிறது. ஏதென்ஸில் ஆண்டு மழை ஏறக்குறைய 400 மில்லிமீட்டர்தான், அதுவும் குளிர்காலத்தில் பெய்துவிட்டுப் போய்விடும், கோடையில் ஆறுகள் வறண்டு கல்லாகக் கிடக்கும். சேலத்துச் சமவெளியிலேயே அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது. அந்த மழைக்குக் கோதுமை சரியாக வராது, பார்லி வரும், சரிவுகளில் ஒலிவமும் திராட்சையும் வரும். ஆக எண்ணெயும் மதுவும் இருக்கும், தானியம் பற்றாது. தானியம் வேண்டுமென்றால் கப்பலில் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் பக்கத்துச் சமவெளியைப் பிடுங்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் ஊரைவிட்டுப் போக வேண்டும். ஆதி கிரேக்க வரலாற்றில் இந்த மூன்றும் மாறி மாறி நடப்பதைப் பார்க்கலாம்.

இந்த நில அமைப்பால்தான் கிரேக்கம் ஒரே நாடாக இருக்கவில்லை. ஒரே மொழி, ஒரே தெய்வங்கள், டெல்ஃபியில் எல்லாரும் குறி கேட்டார்கள், ஒலிம்பியாவில் எல்லாரும் ஓடினார்கள். ஆனால் அரசு என்று பார்த்தால் கருங்கடல் முதல் ஸ்பெயின் கரை வரை ஏறக்குறைய ஆயிரம் தனித்தனி நகர அரசுகள். ஏதென்ஸுக்குச் சொந்தமான அட்டிகா முழுவதும் சேர்த்தே 2,500 சதுர கிலோமீட்டர் அளவுதான், சேலம் மாவட்டத்தில் ஏறக்குறைய பாதி. அதுவே கிரேக்கர்களுக்குப் பெரிய அரசு! கியோஸ் என்று ஒரு தீவு, மொத்தமே 130 சதுர கிலோமீட்டர், நம் சேர்வராயன் மலையைவிடச் சிறியது, அதற்குள் நான்கு தனி அரசுகள் இருந்தன. பெரியவர்கள் யாராவது சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று நம் மலையின் பழைய நாட்டுப் பிரிவுகளைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு மலைக்குள் பல நாடு என்பது வியப்பாகவே இருப்பதில்லை.

கிரீட் தீவின் நாசஸ் அரண்மனை, மைசீனியின் சிங்க வாசல், தங்க முகமூடி இதெல்லாம் உங்கள் கட்டுரையில் இருந்தது, நல்லது. மைசீனி அரண்மனைகள் கி.மு. 1200-ஐ ஒட்டி எரிந்து விழுந்ததையும் சொல்லியிருந்தீர்கள். அதன் பிறகு நடந்ததுதான் பிள்ளைகளை உட்கார வைக்கும். அந்த மக்கள் எழுத்தையே மறந்துபோனார்கள். ஏறக்குறைய 400 ஆண்டுகள் கிரேக்கத்தில் ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஏன் மறந்தார்கள் என்பதற்கு அந்த எழுத்தே பதில் வைத்திருக்கிறது. மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1952-ல் அந்த எழுத்தைப் படித்துக் காட்டியபோது, களிமண் பலகைகளில் இருந்தது கவிதையோ மன்னர் பெருமையோ இல்லை, முழுக்க முழுக்க அரண்மனைக் கணக்கு. எத்தனை ஆடு, எவ்வளவு எண்ணெய், பைலோஸ் அரண்மனைக்குத் துணி நெய்த பெண்கள் எத்தனை பேர், அவர்களோடு குழந்தைகள் எத்தனை, அவர்களுக்கு எவ்வளவு தானியம் அளக்க வேண்டும் என்பதுதான். எழுதத் தெரிந்தவர்கள் கணக்கர்கள் மட்டுமே, அரண்மனை எரிந்ததும் அந்தக் கணக்கர்களுக்கு வேலை போயிற்று, எழுத்தும் கூடவே போயிற்று. அப்புறம் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் பினீசிய வணிகர்களிடமிருந்து புதிய எழுத்தை வாங்கிக்கொண்டபோது அது யாரும் கற்கக்கூடிய எழுத்தாக இருந்தது. பானையில் பெயர் எழுதினார்கள், கல்லில் சட்டம் வெட்டினார்கள்.

அந்தப் புதிய எழுத்து வந்து கொஞ்ச காலத்திலேயே, கி.மு. 700 வாக்கில், ஹெசியட் என்ற உழவர் தன் குடும்பத் தகராறைப் பாட்டாகப் பாடி வைத்திருக்கிறார். ஹெலிக்கான் மலையடிவாரத்தில் அஸ்க்ரா என்ற சின்ன ஊர். அப்பா வறுமை தாங்காமல் கடல் தாண்டி வந்து அங்கே குடியேறியவர். அப்பாவின் நிலத்தை அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, உடன்பிறந்த பெர்சீஸ் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் கையூட்டு கொடுத்துக் கூடுதல் பங்கு வாங்கிக்கொண்டான் என்பதுதான் அவருடைய வழக்கு. சட்டம் எங்கும் எழுதி வைக்கப்படாத காலம் அது, பரம்பரைப் பிரபுக்கள் வாயால் சொன்னதுதான் தீர்ப்பு. நான் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் பாதிக் கதையிலேயே தலையாட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டாவில் பெயர் மாற்ற அலையாத குடும்பம் மலையில் எத்தனை இருக்கிறது?

ஊரைவிட்டுப் போனவர்கள் கதையையும் சேருங்கள். கிரேக்கர்கள் இத்தாலியிலும் சிசிலியிலும் கருங்கடல் கரையிலும் குடியேறியதைக் கட்டுரை 'வணிகமும் துணிச்சலும்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டது. தீரா தீவைப் பற்றிப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருப்பது வேறு மாதிரி. ஏழு ஆண்டு மழையில்லை, தீவில் ஒரே ஒரு மரம் தவிர எல்லாம் பட்டுப்போயின. டெல்ஃபியில் குறி கேட்டார்கள், லிபியாவுக்குப் போய் ஊர் அமையுங்கள் என்று வந்தது. யார் போவது? அண்ணன் தம்பிகளுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆள் எடுத்தார்கள். இரண்டு கப்பலில் ஏறிப் போனவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்தபோது, கரையில் நின்ற சொந்த ஊர்க்காரர்களே அவர்களை அடித்து, இறங்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். அப்படித் துரத்தப்பட்டவர்கள்தான் கடைசியில் கி.மு. 630 வாக்கில் ஆப்பிரிக்கக் கரையில் சைரீன் நகரை அமைத்தார்கள், அது பிறகு பெரும் செல்வம் கொழித்த நகரமாயிற்று. தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் செத்த கணக்கைக் கேட்டவர்களுக்கும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு போனதைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கும், அந்தக் கரையில் நடந்ததை 'வணிகமும் துணிச்சலும்' என்று சொல்ல மனம் வராது.

இனி ஏதென்ஸ். கி.மு. ஏழாம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் அட்டிகாவில் நிலம் சிலர் கையில் சேர்ந்துவிட்டது. ஏழை உழவர்கள் ஆறில் ஒன்று என்ற பங்குக் கணக்கில் கட்டுண்டு உழுதார்கள், கடன்பட்ட நிலத்தில் அடையாளக் கல் நட்டு வைத்தார்கள். பொருளை அடகு வைக்க வழியில்லாதவர்கள் தங்கள் உடம்பையே அடகு வைத்தார்கள். கட்டாவிட்டால் மனைவி மக்களோடு அடிமை, வெளிநாட்டுக்கு விற்கப்படலாம். டிராக்கோ கி.மு. 621-ல் சட்டங்களை எழுதி வைத்தார், கொடுமையான சட்டங்கள் என்று பெயரெடுத்தவை, கடனை அவை தொடவில்லை. இரண்டு தரப்பும் கத்தியை எடுக்கும் நிலை வந்தபோதுதான் கி.மு. 594-ல் சோலோனிடம் பொறுப்பு போனது. அவர் கடனைத் தள்ளுபடி செய்தார், நட்டிருந்த அடையாளக் கற்களைப் பிடுங்கச் செய்தார், இனிமேல் ஆளை அடகாக வைத்து யாரும் கடன் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார், வெளிநாட்டில் விற்கப்பட்டவர்களைத் தேடி மீட்டார். தன் பாட்டிலேயே இதைச் சொல்கிறார், ஊர் ஊராக அலைந்ததில் தாய்மொழியே மறந்துபோனவர்களைத் திரும்பக் கொண்டுவந்தேன் என்று.

இதைவிட நெருக்கமாக நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரிகிற பாடம் உலக வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நம் நாட்டில் 1976-ல்தான் வந்தது. கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003-ல் வந்தது. முன்பணம் வாங்கிச் செங்கல் சூளையில் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டவர்களை மீட்ட செய்தியை உங்கள் பத்திரிகையே இன்றைக்கும் போடுகிறது. சோலோன் செய்ததை 2,600 ஆண்டுக்கு முந்தைய பெருமையாக மட்டும் எழுதாமல், முன்பணத்துக்கு ஆளைப் பிடித்து வைப்பது எவ்வளவு பழைய வியாதி என்று எழுதலாம். அவர் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை என்பதையும் எழுதுங்கள். நிலத்தைப் பிரித்துக் கொடுக்க மறுத்துவிட்டார். பதவிகளை விளைச்சல் கணக்கில் வைத்தார், 500 அளவை, 300 அளவை, 200 அளவை என்று. அதற்கும் கீழே இருந்தவர்கள் சபையிலும் நீதிமன்றத்திலும் உட்காரலாம், பதவிக்கு வர முடியாது. பணக்காரர்களுக்கும் கோபம், ஏழைகளுக்கும் கோபம், அவர் பத்தாண்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

அவர் போன பின்தான் நான் வெட்டாதீர்கள் என்று கேட்ட பகுதி வருகிறது. ஏதென்ஸ் அரசியல் மூன்றாக உடைந்தது. சமவெளிக்காரர்கள் ஒரு கட்சி, லைகர்கஸ் தலைவர், நல்ல நிலம் வைத்திருந்த பழைய குடும்பங்கள். கடற்கரைக்காரர்கள் ஒரு கட்சி, மெகாக்ளிஸ் தலைவர். மூன்றாவதாக மலைக்காரர்கள், கல்லும் சரிவுமான இடங்களில் பிழைத்தவர்கள், அவர்களோடு கடன் தள்ளுபடிக்குப் பிறகும் கையில் ஒன்றுமில்லாமல் நின்றவர்கள். இவர்களைத் திரட்டியவர் பிசிஸ்ட்ரேட்டஸ். நிலத்தின் மேடு பள்ளமே கட்சி எல்லையாக இருந்த அரசியல் இது. இந்த மூன்று பெயரையும் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் அட்டிகா மலைகளையும் வரைந்துவிட்டால், யாருக்கு என்ன வேண்டியிருக்கும், யார் யாரை எதிர்ப்பார்கள் என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள்.

பிசிஸ்ட்ரேட்டஸ் நேர்வழியில் வரவில்லை, அதையும் மறைக்கத் தேவையில்லை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு, எதிரிகள் வெட்டினார்கள் என்று சொல்லிப் பாதுகாப்புக்குத் தடி ஏந்திய ஆட்களை வாங்கி, அவர்களை வைத்தே கி.மு. 561 வாக்கில் நகரின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸைப் பிடித்தார். இரண்டு முறை துரத்தப்பட்டு, கடைசியில் பணமும் கூலிப்படையும் சேர்த்துக்கொண்டு கி.மு. 546-ல் திரும்பி வந்து சாகும்வரை ஆண்டார். வாக்கு வாங்கி வந்தவர் இல்லை, சர்வாதிகாரிதான். ஆனால் ஏழை உழவர்களுக்கு விதைக்கும் பிழைப்புக்கும் கடன் கொடுத்தார், வழக்குக்காக உழவன் நகரத்துக்கு அலையக் கூடாது என்று நீதிபதிகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார், விளைச்சலில் பத்தில் ஒன்று வரியும் வாங்கினார்.

அந்த வரி பற்றி ஒரு கதை, அரிஸ்டாட்டில் பள்ளியில் எழுதப்பட்ட ஏதென்ஸ் அரசமைப்பு வரலாற்றில் இருக்கிறது. பிசிஸ்ட்ரேட்டஸ் ஒருமுறை ஹைமெட்டஸ் மலைப் பக்கம் போனார். அங்கே ஒருவன் வெறும் கல்லாகக் கிடந்த நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தான். இந்த இடத்தில் உனக்கு என்ன விளைகிறது என்று ஆள் விட்டுக் கேட்டார். வந்திருப்பது யாரென்று அவனுக்குத் தெரியாது. "வலியும் வேதனையும்தான் விளைகிறது, அதிலும் பத்தில் ஒரு பங்கைப் பிசிஸ்ட்ரேட்டஸ் எடுத்துக்கொள்ளட்டும்" என்றான். அந்த வெளிப்படைப் பேச்சு பிடித்துப்போய், அவனுக்கு எல்லா வரியையும் தள்ளிவிட்டார். அதன் பிறகு அந்த நிலத்தை வரியில்லாக் காடு என்றே மக்கள் அழைத்தார்கள். கதை நடந்தபடியே நடந்ததா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மலை உழவனின் வாய்ச்சொல்லை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக எழுதிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம். நான் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு பிள்ளை கூடப் பேசாமல் கேட்கும், முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பாறைக்கு நடுவே சாமை விதைத்த தாத்தா, மண் அரித்துப்போன சரிவு, காட்டெருமை தின்ற விளைச்சல் என்று.

பிறகு கி.மு. 508-ல் கிளிஸ்தனீஸ் செய்த சீர்திருத்தத்தை உங்கள் கட்டுரை 'மக்களாட்சியின் தந்தை' என்ற பட்டத்தோடு விட்டுவிட்டது. அவர் செய்த வேலை புவியியல் வேலை. மொத்தம் 139 ஊர்களை எடுத்து முப்பது தொகுப்பாக்கினார், நகரத்தில் பத்து, கடற்கரையில் பத்து, உள்நாட்டில் பத்து. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு தொகுப்பை எடுத்து மூன்றையும் சேர்த்தால் ஒரு குலம், இப்படிப் பத்துக் குலம். குலத்துக்கு 50 பேரைச் சீட்டுப் போட்டு எடுத்து 500 பேர் சபை. கடற்கரைக்காரனும் உள்நாட்டுக்காரனும் நகரத்தானும் ஒரே குலத்தில் உட்கார வேண்டும், ஒரே படைப்பிரிவில் நிற்க வேண்டும். சமவெளிக் கட்சி, கடற்கரைக் கட்சி, மலைக் கட்சி என்று பழையபடி சேர முடியாதபடி கலைத்துக் கலந்தார். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் மலை ஊர்களும் அடிவாரமும் வாழப்பாடிப் பக்கமும் சேர்ந்திருப்பதைக் காட்டி, இப்படிச் சேர்த்தால் மலைக்காரனுக்கு லாபமா நட்டமா என்று கேட்டுப் பாருங்கள், பழங்குடியினருக்கான தனித் தொகுதி எதற்கு என்பது வரை பேச்சு போகும். என் அனுபவத்தில் குடிமையியல் பாடம் சூடுபிடிக்கும் ஒரே இடம் இதுதான்.

போர்களைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஒன்று மட்டும். கி.மு. 700-ஐ ஒட்டி கால்கிஸும் எரேட்ரியாவும் போட்ட சண்டை லெலந்தைன் என்ற ஒரு சமவெளிக்காக. இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த நல்ல நிலம் அது. கிரேக்கச் சண்டைகளில் பெரும்பாலானவை இப்படி வயல் எல்லைச் சண்டைகள், வெண்கலக் கவசமும் கேடயமும் சொந்தக் காசில் வாங்கக்கூடிய நடுத்தர உழவர்கள் கோடையில் வரிசை கட்டி மோதிவிட்டு வீட்டுக்குத் திரும்பிய சண்டைகள்.

ஆனால் சலாமிஸ் போரின் கப்பல்கள் எந்தக் காசில் வந்தன என்பதைச் சேலத்தில் வெளியாகும் பதிப்பில் எழுதாமல் விடக் கூடாது. அட்டிகாவின் தென்முனையில் லாரியம் வெள்ளிச் சுரங்கம். கி.மு. 483-ல் அங்கே புதிய வளமான படிவு கிடைத்தது. அந்த வெள்ளியைக் குடிமக்களுக்கு ஆளுக்குப் பத்து டிராக்மா என்று பங்கு போட்டுவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. பத்து டிராக்மா என்றால் சுமார் 43 கிராம், செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக் கணக்கில் மெல்லிய ஒரு ஜோடிக் கொலுசு. ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் எழுந்து, இதைப் பங்கு போட வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்று சபையைச் சம்மதிக்க வைத்தார். மூன்று ஆண்டு கழித்துப் பாரசீகக் கடற்படையைச் சலாமிஸில் உடைத்தது அந்தக் கப்பல்கள்தான். ஒரு கப்பலுக்கு 170 துடுப்பாளர்கள். கவசம் வாங்க வக்கில்லாத, சோலோன் பட்டியலில் கடைசியில் இருந்த ஏழைகள் அவர்கள். ஊரைக் காப்பாற்றியது தங்கள் கை என்று தெரிந்த பிறகு அவர்களைச் சபையில் யாரும் ஓரமாக உட்கார வைக்க முடியவில்லை.

அந்த வெள்ளியை வெட்டியவர்கள் யார்? அடிமைகள், பல்லாயிரம் பேர். ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத குடைவுக்குள் எண்ணெய் விளக்கோடு தவழ்ந்து போய்ப் பாறையைக் கொத்தினார்கள். ஈயமும் வெள்ளியும் கலந்த கல்லை உருக்கி, காற்று ஊதி ஈயத்தைப் பிரித்து வெள்ளியை எடுத்தார்கள். ஈயப் புகை உடம்புக்கு என்ன செய்யும் என்பது நம் ஊரில் வெள்ளி உருக்கும் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். இவர்களுக்குச் சபையும் இல்லை, சீட்டும் இல்லை. ஏதென்ஸ் பெண்களுக்கும் இல்லை, வெளியூரிலிருந்து வந்து குடியிருந்தவர்களுக்கும் இல்லை. மக்களாட்சி பிறந்த மண் என்று தலைப்புப் போடும்போது பக்கத்திலேயே இந்தப் பத்தியும் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தாங்காது என்று யாரும் சொல்ல வேண்டாம், அதில் பலர் விடுமுறையில் வேலைக்குப் போகிற பிள்ளைகள்.

அடுத்து ஸ்பார்ட்டா வருகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து சிவப்புப் போர்வையும் 300 வீரர்களும் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். தெர்மோபிலேயில் கடைசிவரை நின்று செத்தவர்களில் தெஸ்பியே என்ற சின்ன ஊரின் 700 பேரும் உண்டு, பாரசீகர்கள் சுற்றி வந்ததும் உள்ளூர் ஆள் ஒருவன் காட்டிய மலைப்பாதை வழியாகத்தான். அதைவிட முக்கியமானது ஸ்பார்ட்டா எதைத் தின்று வாழ்ந்தது என்பது. நிலம் பற்றாதபோது மற்ற ஊர்கள் கப்பலில் ஆள் அனுப்பின. ஸ்பார்ட்டா டெய்கெட்டஸ் மலையைத் தாண்டி, 2,400 மீட்டர் உயர மலை அது, மெஸ்ஸேனியாவின் நல்ல சமவெளியைப் பிடித்து அந்த மக்களையே பண்ணையாட்களாக்கியது. ஹெலட்கள் என்று பெயர். ஸ்பார்ட்டாவின் சொந்தக் கவிஞர் டிர்டேயஸே, பாரம் சுமக்கும் கழுதைகள் மாதிரி விளைச்சலில் பாதியை எசமானர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று பாடியிருக்கிறார். எண்ணிக்கையில் எசமானர்களைவிட இவர்கள் பல மடங்கு. ஆண்டுதோறும் பதவிக்கு வரும் எஃபோர்கள் என்ற ஐந்து அதிகாரிகள் ஹெலட்கள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள், அப்போதுதான் ஹெலட்டைக் கொன்றால் பாவமில்லை. ஏழு வயதில் பையன்களை வீட்டிலிருந்து பிரித்துப் படை முகாமில் வளர்த்தது வீரத்தின் மீதுள்ள ஆசையால் மட்டும் இல்லை, தன் வயலில் வேலை செய்கிறவன் என்றைக்குத் திருப்பி அடிப்பானோ என்ற பயத்தால். உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஸ்பார்ட்டா என்று பெயர் வைக்கிற இளைஞர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

அவர்கள் திருப்பியும் அடித்தார்கள். கி.மு. 464-ல் பெரிய நிலநடுக்கம் ஸ்பார்ட்டாவைச் சாய்த்தபோது ஹெலட்கள் எழுந்தார்கள், மெஸ்ஸேனியாவின் இதோம் மலை மேல் ஏறிக்கொண்டார்கள். கிரேக்கத்தின் பெயர்பெற்ற படையால் அந்த மலையைப் பிடிக்க முடியவில்லை, ஏதென்ஸிடம் உதவி கேட்டு, வந்தவர்கள் மீதும் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்து, கடைசியில் மலையிலிருந்தவர்களை உயிரோடு போகவிடுவது என்று ஒப்பந்தம் செய்துதான் முடிக்க முடிந்தது. மெஸ்ஸேனியா முழு விடுதலை பெற்றது அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, கி.மு. 369-ல், தீப்ஸ் நகரத் தளபதி எபாமினாண்டஸ் படையோடு வந்தபோது. அவர் மெஸ்ஸேனியர்களுக்குப் புது நகரம் கட்டிய இடமும் அதே இதோம் மலைச் சரிவுதான். அதன் கல்மதில் இன்றும் நிற்கிறது. ஸ்பார்ட்டா கட்டுரைக்குப் படம் தேடும்போது அந்த மதிலின் படத்தைப் போடுங்கள். எழுதுகிறவருக்கு வேறு ஏதாவது விவரம் வேண்டுமென்றால் நான் வகுப்புக்காக வரைந்து வைத்திருக்கும் அட்டிகா, ஸ்பார்ட்டா இருந்த லகோனியா வரைபடங்களை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.